ஆஸ்டர்லி மாளிகையைப் பார்ப்பது எப்படி: ஒரு மதியம், ஒரு கொத்து மேஸ்திரி

இங்கிலாந்தில் பழைய பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கயிறு கட்டிய நாற்காலிகளையும் தங்கச் சட்டம் போட்ட படங்களையும் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். மேற்கு லண்டனில் ஹவுன்ஸ்லோவில் குடியிருந்துகொண்டு, பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்டர்லி பார்க் மாளிகைக்கு முதல் தடவை போனபோது நாற்பது நிமிடத்தில் உள்ளே போய் வெளியே வந்தேன். என்ன பார்த்தாய் என்று கேட்டால் "கம்பளம்" என்றுதான் சொல்லியிருப்பேன். அடுத்த வருடம் ஊரிலிருந்து அப்பா வந்தார். முப்பது வருடம் கொத்து மேஸ்திரியாக இருந்தவர், ஆங்கிலம் அவ்வளவாக வராது, விளக்கப் பலகை எதையும் படிக்கவில்லை. ஆனால் நான் பார்க்காததையெல்லாம் அவர் பார்த்தார். அவர் பார்த்த முறையையும், அப்புறம் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

போவது சுலபம். லண்டன் சுரங்க ரயிலின் பிக்கடிலி லைனில் ஆஸ்டர்லி ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம்தான். மாளிகைக்குள் போக டிக்கெட் வேண்டும். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன், மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போது போய்விடுங்கள், ஏனென்றால் அறைகளில் துணிகளும் தாள்களும் வெளுக்காமல் இருக்க ஜன்னல் திரையைப் பாதி இறக்கித்தான் வைத்திருப்பார்கள், மேகமூட்டமான நாளில் கூரை வேலைப்பாடு கண்ணுக்கே தெரியாது.

உள்ளே போகும் முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இது ஒரு வீடு இல்லை, ஒரு வீட்டின் மேல் போர்த்திய இன்னொரு வீடு. அடியில் இருப்பது 1570களில் தாமஸ் கிரெஷம் கட்டியது. லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகச் சந்தையை ஏற்படுத்திய அதே வியாபாரிதான். மேலே போர்த்தியிருப்பது 1761இலிருந்து கிட்டத்தட்ட இருபது வருடம் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் செய்தது. நடுவில், 1713 வாக்கில், வீடு சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் கைக்கு வந்திருந்தது. அவர்கள் பழையதை இடித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை, பழைய செங்கல் உடம்புக்குப் புதுச் சட்டை தைக்கச் சொன்னார்கள். அந்தச் சட்டையின் தையல் எங்கே தெரிகிறது என்று தேடுவதுதான் இங்கே நமக்கு வேலை.

அதனால் முதலில் மாளிகைக்குப் போகாதீர்கள், குதிரை லாயத்துக்குப் போங்கள். எல்லோரும் கடைசியில் கேக் சாப்பிடத்தான் அந்தப் பக்கம் வருவார்கள். நீங்கள் முதலிலேயே போய்ச் சுவருக்கு அருகில் நில்லுங்கள். அது பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், பிற்பாடு கை வைத்திருந்தாலும் பழைய சாயல் நிறைய மிச்சம். செங்கற்கள் ஒரே அளவில் இருக்காது. ஒன்று கறுத்திருக்கும், ஒன்று ஆரஞ்சாக இருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். இந்த நாட்டுச் செங்கல் சுவரைப் பார்க்க ஒரு எளிய பாடம் உண்டு: ஒரு வரிசை முழுக்கச் செங்கல்லின் நீளப் பக்கமும் அடுத்த வரிசை முழுக்கக் குட்டைப் பக்கமும் தெரிந்தால் அது ஆங்கிலக் கட்டு, பெரும்பாலும் பழசு. ஒரே வரிசையில் நீளம், குட்டை, நீளம், குட்டை என்று மாறி மாறி வந்தால் ஃப்ளெமிஷ் கட்டு, பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு வசதியான வீடுகளின் முகப்பில் அதுதான் வழக்கம். விதிவிலக்கு உண்டு, பழுது பார்த்த இடங்களில் எல்லாம் கலந்து கிடக்கும், ஆனாலும் கண்ணுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். அப்பா இங்கேயே பதினைந்து நிமிடம் நின்றார். நான் நேரம் ஆகிறது என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மாளிகையின் முன்னால் வாருங்கள், ஆனால் கிட்டே போகாமல் புல்வெளியில் தள்ளி நில்லுங்கள். நான்கு மூலையிலும் கும்மட்டம் வைத்த செங்கல் கோபுரங்கள். நடுவில் முற்றம். இந்த அமைப்பு ஆடமுடையது இல்லை, பழைய வீட்டிலிருந்து வந்தது. ரோமானிய பாணியில் ஊறிப்போன ஆடம் வெறும் நிலத்தில் கட்டியிருந்தால் இப்படி நாலு மூலைக் கோபுரம் வைத்திருக்கவே மாட்டார். அந்த முற்றத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. முதலாம் எலிசபெத் ராணி விருந்தாளியாக வந்தபோது முற்றம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது, நடுவில் ஒரு சுவர் வைத்தால் நன்றாக இருக்கும் என்றாராம். கிரெஷம் ராத்திரியோடு ராத்திரியாக லண்டனிலிருந்து ஆட்களை வரவழைத்துச் சுவர் எழுப்பிவிட்டார், விடிந்து ராணி பார்த்தால் முற்றம் இரண்டாக நிற்கிறது என்பார்கள். ஒரே ராத்திரியில் எழுப்பிய சுவர் எத்தனை நாள் நின்றதோ என்பது அப்பாவின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.

ஆடமின் சாமர்த்தியம் முற்றத்தின் திறந்த பக்கத்தில் இருக்கிறது. முற்றத்தை மூடவும் கூடாது, திறந்தபடி விடவும் கூடாது. அங்கே வெள்ளைக் கல்லில் ஆறு ஆறாக இரண்டு வரிசை அயோனிக் தூண்களை நிறுத்தி, மேலே முக்கோண முகடு வைத்து, பின்னால் சுவரே இல்லாமல் விட்டுவிட்டார். தூணின் தலைப்பகுதியான போதிகையில் ஆட்டுக்கொம்பு மாதிரி இருபுறமும் சுருள் இருந்தால் அது அயோனிக். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் முகப்பு, கிட்டே போனால் அதன் வழியாக அந்தப் பக்கம் தெரிகிறது. படிக்கட்டில் ஏறித் தூண்களுக்கு நடுவே போய் நில்லுங்கள். ஏறிவிட்டோமே, மறுபக்கம் இறங்கவேண்டும் இல்லையா? இறங்க வேண்டாம். முற்றத்தின் தரையே மேலே, வீட்டின் பிரதான தளத்தின் மட்டத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. அப்பா திரும்பி வந்து படிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மண்ண எங்கடா கொட்டினான், அடியில என்ன இருக்கு?" என்றார். அடியில் இருப்பது சமையலறையும் வேலைக்காரர்களின் உலகமும். விருந்தாளியின் கால் அந்த உலகத்தின் மட்டத்தில் படவே கூடாது, அதுதான் இவ்வளவு ஏற்பாடும்.

அங்கிருந்தபடியே ஜன்னல்களைப் பாருங்கள். எந்தத் தளத்து ஜன்னல் உயரமோ அங்கேதான் எஜமானர்கள் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான அறைகள் இருக்கும். குட்டை ஜன்னல்கள் மற்ற எல்லோருக்கும். எந்த ஆங்கிலப் பெரிய வீட்டிலும் வெளியே நின்றே இதைச் சொல்லிவிடலாம். இவை மேலும் கீழும் நகரும் தூக்கு ஜன்னல்கள், சட்டத்துக்குள் கயிற்றில் கட்டிய எடைக்குண்டு ஒளிந்திருக்கும். பழைய கண்ணாடியா, பிற்காலத்துக் கண்ணாடியா என்று தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் நின்று, அதில் தெரியும் மரத்தின் நிழலைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி நகருங்கள். கிளை நெளிந்தால், தண்ணீரில் தெரிவதுபோல ஆடினால், ஊதித் தட்டையாக்கிய பழைய கண்ணாடி. ஆடாமல் நின்றால் மாற்றியது. அடைத்துக் கிடக்கும் ஜன்னலைப் பார்த்ததும் யாராவது "அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு வரி" என்பார்கள். வரி இருந்தது உண்மை, 1696இலிருந்து 1851 வரை. ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாம் வரியால் அடைத்தவை அல்ல. உள்ளே அடுப்புப் புகைக்குழாய் போகும் இடத்தில், வெளியே சமச்சீர் கெடாமல் இருக்க முதலிலிருந்தே பொய் ஜன்னலாகக் கட்டுவதும் வழக்கம்.

சரி, உள்ளே போவோம். எந்த வாசல் வழியாக விட்டாலும், முன் கூடத்துக்கு வந்ததும் நடுவில் நின்றுவிடுங்கள். நீள்சதுர அறை, இரண்டு கோடியிலும் அரைவட்டமாக வளைந்த குடைவு, மாடங்களில் சிலைகள், சுவரில் ரோமானியப் போர்க்கருவிகளைச் சுதையில் புடைப்பாகச் செய்த பலகைகள். எல்லோரும் இதைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார், மறுபடி அண்ணாந்தார். என் தோளைத் தட்டி, "மேல பாத்தியா, இப்ப கீழ பாரு" என்றார். கூரையில் சுதையில் இழுத்திருக்கும் அதே வடிவம் தரையில் கருப்பும் வெள்ளையுமாகக் கல் பாவி இறக்கப்பட்டிருந்தது. முதல் முறை வந்தபோது நான் அந்தத் தரையில்தான் நடந்து போயிருக்கிறேன். ஆடமை அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் அறை கட்டிக் கொடுப்பார்கள், உள்ளே போடுவது வீட்டுக்காரர் பாடு. இவர் கூரை, தரை, கணப்பு, கதவுக் கைப்பிடி, நாற்காலி வரை தானே வரைந்து கொடுத்தார். அதனால் இங்கே எந்த அறையில் நுழைந்தாலும் முதல் வேலை: மேலே, கீழே, மறுபடி மேலே.

சாப்பாட்டு அறையில் கொஞ்ச நேரம் இருங்கள். நடுவில் பெரிய மேசை இல்லையே என்று தோன்றும். அந்தக் காலத்தில் மேசையை மடக்கி வெளியே வைத்திருப்பார்கள், சாப்பாட்டு வேளைக்குக் கொண்டுவந்து போடுவார்கள், மற்ற நேரத்தில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். அந்த நாற்காலிகளின் முதுகு யாழ் வடிவம், பார்த்துவிடுங்கள். கூரையில் திராட்சைக் கொடி, மதுச் சாடி, எல்லாம் மதுக் கடவுளின் சாமான்கள். இந்த அறையின் சுவரில் பட்டுத் துணியோ திரைச்சீலை ஓவியமோ கிடையாது, முழுக்கச் சுதையும் ஓவியப் பலகையும்தான். காரணத்தை ஆடமே எழுதி வைத்திருக்கிறார்: ஆங்கிலேயர்கள் சாப்பிட்ட பிறகும் குடித்துக்கொண்டு அரசியல் பேசிக்கொண்டு மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், சுவரில் துணி இருந்தால் சாப்பாட்டு வாடை அதில் ஏறிவிடும், சுதையில் ஏறாது. அம்மாவிடம் இதைச் சொன்னதும், ஒரே அறைக்குள் அடுப்பும் சோபாவும் திரையும் வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கும் எங்கள் ஃபிளாட்டை நினைத்து, "இந்த மனுஷனுக்கு இருந்த அறிவு உங்க வீட்டைக் கட்டினவனுக்கு இல்லையே" என்றாள். எங்கள் வீட்டுத் திரையில் சாம்பார் வாசனை எந்த சோப்புக்கும் போகாது.

மேற்குப் பக்கம் முழுக்க ஓடுவது நீளக் கூடம், சுமார் 130 அடி. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே உலாத்துவதற்கும் படங்களை மாட்டுவதற்கும். ஆடமுக்கு முந்திய வேலை என்பார்கள், அதனால்தான் அலங்காரம் அடக்கமாக இருக்கிறது. அங்கே கூடத்தைவிடப் பொருட்கள் பேசும், சீனப் பீங்கான், அரக்குப் பெட்டிகள். இங்கே நம்மூர் சம்பந்தம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. சைல்ட் குடும்பத்துக்குக் கிழக்கிந்திய கம்பெனியில் பங்கும் பதவியும் இருந்தன, கம்பெனிக் கப்பல்களில் ஆஸ்டர்லி என்ற பெயரிலேயே கப்பல் ஓடியிருக்கிறது. செதுக்கி வண்ணம் பூசிய ஒரு வகைச் சீன அரக்கு மறைப்புத் தட்டிக்கு ஐரோப்பாவில் இன்றும் "கோரமாண்டல்" என்றுதான் பெயர். சோழமண்டலக் கரையில் ஒரு துண்டும் செய்யப்படவில்லை. சீனாவிலிருந்து வந்து நம் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறிப் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர். இந்த வீட்டுப் பட்டும் பூச்சும் எந்தக் காசில் வந்தது என்று யோசிக்க இந்த இடம் பொருத்தம்.

தெற்குச் சிறகின் அறைகளை வரிசை மாறாமல் பாருங்கள், ஏனென்றால் அவை ஒன்றைவிட ஒன்று தூக்கலாக இருக்கும்படி அடுக்கப்பட்டவை. முதலில் வரவேற்பறை. கூரையின் மாதிரி சிரியாவின் பல்மைராவில் இருந்த கோயில் கூரை. 1753இல் அந்த இடிபாடுகளின் வரைபடங்கள் லண்டனில் அச்சாகி வெளிவந்தன, கட்டடக்காரர்கள் பலரும் அதைப் பார்த்துப் போட்டார்கள். அந்தக் கோயில் 2015இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டுவிட்டது, நகல் இங்கே ஹவுன்ஸ்லோ பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. கீழே தாமஸ் மூர் நெய்த கம்பளத்தைப் பாருங்கள், கூரைக்கு அது பதில் சொல்லும். அடுத்தது திரைச்சீலை அறை. பாரிஸ் கோபெலின் நெசவகத்துக்குச் சுவரின் அளவைக் கொடுத்துச் செய்யச் சொன்னது, அதனால் சுவரில் சிவப்பு நெசவு மூலைக்கு மூலை சேர்ந்து நிற்கிறது, நாற்காலிகளுக்கும் அதே நெசவு. மூலையில் போய் இரண்டு துணியும் சேரும் கோட்டைத் தேடுங்கள், அவ்வளவு கச்சிதம்.

அதற்கடுத்த படுக்கை அறையில் கும்மட்டம் வைத்த கட்டில், 1776இல் ஆடம் வரைந்தது. சைல்ட் வங்கியின் சின்னமான சாமந்திப் பூவை அதில் தேடிப் பாருங்கள். இதில் யாரும் தினமும் தூங்கவில்லை, வீட்டுக்காரர்கள் மேல்மாடியில் சாதாரண அறைகளில் படுத்தார்கள், இது காட்டுவதற்கு. ஹோரஸ் வால்போல் என்ற வாய்த் துடுக்கான எழுத்தாளர் 1773இல் வந்து வீட்டை மாளிகைகளுக்கெல்லாம் மாளிகை என்று புகழ்ந்தார். பிற்பாடு இந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு, தொப்பி தைக்கிற பெண் அலங்கரித்த கும்மட்டம்போல இருக்கிறது என்று கிண்டலடித்தார். நான் வால்போல் கட்சி. கடைசியில் எட்ரஸ்கன் அறை. கறுப்பும் செம்மண் நிறமுமாக, பானை ஓவியத்தை எடுத்துச் சுவரில் ஒட்டியதுபோல. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இத்தாலியக் கல்லறைகளில் கிடைத்ததால் அந்தப் பானைகளை எட்ரஸ்கன் என்று நம்பினார்கள், பெரும்பாலும் அவை கிரேக்கப் பானைகள். காகிதத்தில் தீட்டி, துணியில் ஒட்டி, சுவரில் பொருத்தியது. இங்கேதான் அந்தப் பாதி இறக்கிய திரை எதற்கு என்று புரியும்.

இருநூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் இதெல்லாம் ஏன் மாறாமல் இருக்கிறது? அக்கறையால் மட்டும் இல்லை, ஒரு குடும்பச் சண்டையால். 1782இல் சைல்ட் வீட்டு ஒரே மகள், வெஸ்ட்மோர்லாண்ட் பிரபுவோடு ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய அப்பா ராபர்ட் சைல்ட் அதே வருடம் இறந்துபோனார், ஆனால் அதற்குள் சொத்து மருமகனின் பட்டத்துக்கு வரும் வாரிசுக்குப் போகாதபடி உயில் எழுதிவிட்டார். வீடு பேத்தி வழியாக ஜெர்சி பிரபுக்கள் குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வேறு வீடு இருந்தது. இங்கே தொடர்ந்து குடியிருந்திருந்தால் ஒவ்வொரு மருமகளும் ஒரு அறையை மாற்றியிருப்பாள். விட்டுப்போனது எதுவுமே இல்லை என்று சொல்லமுடியாது, நூலகத்துப் புத்தகங்கள் 1885இல் விற்றுப்போயின, பெரிய படிக்கட்டின் மேல் இருந்த ரூபன்ஸ் ஓவியம் 1949இல் தீயில் போனது, இப்போது இருப்பது நகல். அதே 1949இல் வீடு நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுக்கப்பட்டது.

சட்டப் பாதுகாப்பைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இங்கே வீடு வாங்குகிறவர்களுக்கு இது உதவும். இங்கே பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களைத் தரம் பிரித்து அரசு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது, ஆஸ்டர்லி அதில் முதல் தரம். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடங்களில் நூற்றுக்கு இரண்டரைக்குத்தான் அந்தத் தரம், பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம். தரம் குறைந்தால் கட்டுப்பாடு குறையும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் தப்பு, முகப்பைத் தொடாமல் உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதும் தப்பு. பட்டியலில் ஏறிவிட்டால் உள்ளும் புறமும் சேர்த்துத்தான், வளாகத்துக்குள் 1948 ஜூலைக்கு முன்னால் கட்டிய மதில், கொட்டகை எல்லாமும்கூட. கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் கவுன்சிலிடம் அனுமதி வாங்கவேண்டும், விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, வாங்காமல் செய்தால் அது கிரிமினல் குற்றம், எத்தனை வருடம் கழித்தும் திருப்பிச் சரிசெய்யச் சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டாம் தர வீட்டை வாங்கி, குளிர் தாங்காமல் தூக்கு ஜன்னல்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போட்டார். போட்டுக் கொடுத்த கம்பெனி அனுமதியைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்புறம் மர ஜன்னல் செய்து மாட்டியதில், போட்டதைவிடக் கழற்றியதற்குத்தான் செலவு அதிகம்.

வெளியே வந்ததும் வீட்டைச் சுற்றித் தோட்டப் பக்கம் போய்விடுங்கள். குதிரை லாடம் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் படிக்கட்டும் இரும்புக் கைப்பிடியும் அங்கே உண்டு, முன்பக்கத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். கொஞ்சம் நின்றால் பூங்காவை வெட்டிக்கொண்டு போகும் எம்4 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும். சட்டம் வீட்டைக் காப்பாற்றியது, மண்ணைக் காப்பாற்றவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அப்பா மறுபடியும் லாயத்துப் பக்கம் திரும்பினார். டீ வேண்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு செங்கல்லுக்கு நடுவே நகத்தால் லேசாகச் சுரண்டினார். மாவுபோல வெள்ளையாகக் கொஞ்சம் உதிர்ந்தது. (நீங்கள் செய்யாதீர்கள், நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.) "சுண்ணாம்பு," என்றார், "சிமெண்டு வச்சிருந்தா ஈரம் வெளிய போக வழியில்லாம கல்லு தோலு உரிஞ்சிருக்கும்." இங்கே பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறவர்களும் அதையேதான் சொல்வார்கள், சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும், தேய்வது சாந்தாக இருக்கவேண்டும், கல்லாக இருக்கக்கூடாது என்று. அவர் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார். அங்கே ஒரு இடத்தில் சிமெண்டு பூசியிருந்ததைக் கண்டுபிடித்து, யாரோ ஒரு மேஸ்திரியைத் தமிழில் திட்ட ஆரம்பித்தார்.